பாட்டுக்காரம்மா வீட்டுக்காரர்

நான் ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்து சரக்குக் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். என்னைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் அதிகம் இல்லை. இப்போது எழுத உட்கார்ந்திருப்பது என் மனைவியைப் பற்றி. அவள் கவிஞர். இந்தியாவுக்கு விடுதலை வேண்டும் என்று மலாயா மண்ணில், பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரத் தோட்டங்களுக்கு நடுவில் நின்று பாடியவள். இதை அவளே எழுதியிருக்க வேண்டும். கேட்டும் பார்த்தேன். "நான் என்னத்த எழுதறது? பாட்டு இருக்குல்ல, அது போதும். நீங்க வேணும்னா எழுதுங்க" என்றாள்.

அவள் கிள்ளான் நகரத்துக்கு வெளியே, மாட்டுவண்டியில் ஒரு மணி நேரம் போகவேண்டிய ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும் அவர் வேலை. கிள்ளானில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தாள். எனக்குக் கழுத்தை நீட்டி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் வீடு ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. தண்டவாளம் கொல்லைப்புறத்தில் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் அலமாரியில் அடுக்கிய தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

வந்த முதல் வாரமே என்னிடம் ஒன்று கேட்டாள்.

"உங்க ஆபீசுல வீணாப் போற தாளு ஏதாச்சும் இருக்குமா?"

அடுப்புப் பற்றவைக்கக் கேட்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் இலாகாவில் வேபில் என்று ஒரு தாள் உண்டு. இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு இத்தனை மூட்டை, இன்ன எடை என்று நிரப்புவதற்கான அச்சுத் தாள். ஒரு பக்கம் கட்டம் கட்டமாக இருக்கும், மறுபக்கம் வெள்ளை. எழுதும்போது பிழை வந்தால் குறுக்கே ஒரு கோடு கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவோம். சனிக்கிழமைதோறும் அந்தக் குப்பையிலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்து கொடுத்தேன். அதை வைத்து அவள் அடுப்புப் பற்றவைத்து நான் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் அது எனக்கு உறைக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று.

எங்கள் தலைமைக் குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர். நன்றாகப் படித்தவர், கண்டிப்பானவர், தமிழ் என்றால் உருகிப்போகிறவர். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தமிழ்ப் பத்திரிகையை விரித்துக்கொண்டு, பிடித்த பகுதியை எங்களுக்கு உரக்க வாசிப்பார். ஒருநாள் சோற்றுப் பாத்திரத்தை மூடக்கூட மறந்து, "இஞ்ச பாரும், இதைக் கேளும்" என்று தொடங்கினார்.

ஒரு பக்கம் கீறினால் மறுபக்கம் ஆறட்டும்என
மரத்துக்கு விடுப்பு வைத்தார் – அம்மா
இருபுறமும் கீறுண்டு இளைத்திட்ட நாட்டுக்கு
எவர்விடுப்பு எழுதி வைத்தார்?

பால் வெட்டுகிற மரத்தில் ஒரு பக்கத்துப் பட்டையைச் சில காலம் வெட்டாமல் விட்டுவைப்பார்கள், காயம் ஆறிப் புதுப் பட்டை வளரட்டும் என்று. தோட்டம் பார்த்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். ஆனால் அதைப் பாட்டில் யாரும் கேட்டதில்லை. சரக்குக் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எட்டுப் பேரும் வாயில் இருந்ததை மெல்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

"கிள்ளான் தோட்டத்துப் பெண் எண்டு கீழே போட்டிருக்கு" என்றார் தலைமைக் குமாஸ்தா. "ஆனா எழுதினது ஆம்பிளைதான். இந்த ஓசை பெம்பிளையளுக்கு வராது. பெண் பேரிலே ஒளிச்சிருந்து எழுதுறான், கெட்டிக்காரன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டிய தலை பாதியில் நின்றது. 'விடுப்பு' என்ற சொல் நான் கொடுத்தது. சில வாரங்களுக்கு முன்னால் அவள் கேட்டிருந்தாள்: "உங்க ஆபீசுல லீவுன்னு சொல்லுவாங்களே, அதுக்கு நல்ல தமிழ்ல என்னங்க?" நான்தான் விடுப்பு என்று சொன்னேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அவள் குழாயடியில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பேப்பர்ல வந்திருக்கற பாட்டு நீ எழுதினதா?"

"ஆமாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல."

அதற்குப் பிறகு மீன் வாடைக் கை படாமல் முகத்து முடியை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டே, "உங்களுக்குப் பிடிச்சுதா?" என்றாள்.

"எங்க பெரிய கிராணிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு." தலைமைக் குமாஸ்தாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

"அவருக்கு இல்லீங்க. உங்களுக்கு."

ஒரு பாட்டு எனக்குப் பிடித்திருக்கிறதா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. பிடித்திருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போதுதான் அது உண்மை என்று தெரிந்தது. அவள் உள்ளே போய், வேபில் தாள்களைச் சாக்கு ஊசியால் தைத்த நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். முன்பக்கத்தில் கோடு கிழித்த அரிசி மூட்டைக் கணக்கு, பின்பக்கத்தில் பாட்டு. அடுத்த தாளிலும் அப்படியே. இருட்டும் வரை படித்தேன். நெத்திலியைப் பூனை கொண்டுபோனது இருவருக்குமே தெரியாது.

எங்கள் பெண் பிறந்த பிறகு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இயங்கிய வாசகசாலையிலிருந்து பத்திரிகை மூலமாக அவளுக்குக் கடிதம் வந்தது. 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தங்கள் பாடல்களைப் படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கீழே கையெழுத்திட்டிருந்தவர் எங்கள் தலைமைக் குமாஸ்தா. அவர்தான் அந்த வாசகசாலையின் செயலாளர்.

"எழுதிப் போட்டுருவோம், முடியாதுன்னு" என்றேன்.

"ஏன் முடியாது? நடந்தா பத்து நிமிஷம்."

கெட்டிக் கதர்ச் சேலை உடுத்திக்கொண்டாள். அந்த வெக்கையில் அது போர்வை மாதிரி. தாய்நாட்டில் உப்புக்காக ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். அதிலிருந்து அவள் வேறு துணி உடுத்தவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நான் முன்னால் போனேன்.

தலைமைக் குமாஸ்தா வாசலில் நின்றிருந்தார். "வாரும், வாரும். கவிஞரை எதிர்பார்த்துக்கொண்டு நிக்கிறம்" என்றார்.

"வந்தாச்சு சார்."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீரோ?" என்றார், நம்ப முடியாமல்.

"நான் இல்லீங்க" என்று பின்னால் காட்டினேன்.

அவர் பார்த்தார். பிள்ளை, கதர்ச் சேலை, கையில் வேபில் நோட்டு. ஒரு கணம்தான். பிறகு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "வாருங்கோ அம்மா" என்றார். கூட்டம் தொடங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தையை நான் மறக்க முடியாது. "இந்த ஓசை பெண்களுக்கு வராது என்று பலர் முன்னிலையில் சொன்னவன் நான். சொன்ன வாயாலேயே அது பிழை என்று இப்போது சொல்கிறேன்." அவ்வளவுதான். அலங்காரமாக எதுவும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். மனிதர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அவள் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து பாடினாள். தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு குரல் உண்டு. கத்தாமலே நான்கு நிரை மரம் தாண்டிக் கேட்கும். அந்தக் குரல். பாடி முடித்ததும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"கடல் தாண்டி வந்துட்டோம், அதனால நமக்கும் அந்த நாட்டுக்கும் ஒண்ணுமில்லன்னு சிலபேரு நினைக்கிறாங்க" என்றாள். "நாம வந்த கப்பல்ல நம்ம விலங்கையும் ஏத்திக்கிட்டுத்தான் வந்தோம். அங்க அது கழண்டாத்தான் இங்கயும் கழலும்."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. பிள்ளை பயந்து அழுதது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நான் நின்றிருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "அம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "என் சம்சாரம்" என்று கொஞ்சம் தேவைக்கு மேலேயே சத்தமாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் இருந்தது குறைவு. கிள்ளான் வண்டியில் ஏறி, தோட்டம் தோட்டமாகப் போவாள். கதர் கொண்டுபோவாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் பெண்களோடு உட்கார்ந்து தாய்நாட்டுச் செய்தி சொல்வாள். அவர்களும் அவளிடம் சொல்வார்கள். எல்லாப் பெண்களும் சொன்னது ஒன்றுதான்: கள்ளுக்கடை. ஆண்கள் சம்பளத்தோடு அதற்குள் போனால் வெறுங்கையோடு வெளியே வருவார்கள். ஆகவே அவள் அவர்களுக்காகப் பாட்டுக் கட்டத் தொடங்கினாள். தாலாட்டு மெட்டில், கும்மி மெட்டில், பால் வெட்டும்போது வாய்க்குள் முணுமுணுக்கிற மாதிரி. விடுதலையும் கள்ளுக்கடையும் துரையும் எல்லாம் அதில் ஒன்றாக வரும். எழுதிக் கொடுக்க மாட்டாள். பாடித்தான் காட்டுவாள். "தாள்ல குடுத்தா படிச்சவங்க வாயிலதான் நிக்கும்" என்பாள்.

ஒரு சம்பள நாளில் ஒரு தோட்டத்துப் பெண்கள் முப்பது பேர் கள்ளுக்கடை வாசலில் போய் நின்று அந்தப் பாட்டைப் பாடினார்கள். யார் மீதும் கை வைக்கவில்லை, கல் எறியவில்லை. பாடினார்கள், அவ்வளவுதான். உள்ளே போக வந்த ஆண்கள் மனைவிகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். யார் சொல்லிக்கொடுத்த பாட்டு என்று தோட்டத்துத் துரை விசாரித்தபோது ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட சங்கதி எப்படியோ போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. ஆனாலும் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் கதை பொய்யாகிவிடும்.

ஒருநாள் காலை எட்டு மணி இருக்கும். எனக்கு அன்று ஓய்வு நாள். கைலியோடு வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பஞ்சாபி இன்ஸ்பெக்டரும் இரண்டு மலாய் மாத்தாக்களும் வந்து நின்றார்கள். மாத்தா என்றால் எங்கள் பக்கத்தில் போலீஸ்காரர். கூடவே மொழிபெயர்க்க ஒரு தமிழர்.

"உங்க சம்சாரம் பாட்டெழுதறாங்களாமே" என்றார் அந்தத் தமிழர்.

அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. என் வேலை, இந்த வீடு, பிள்ளை எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று.

"இல்லீங்க. அவளுக்கு எழுதப் படிக்கவே தெரியாது" என்றேன்.

அவள் சமையல்கட்டில் இருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "அவரு பயந்துபோய்ச் சொல்றாரு. எழுதுனது நான்தான்" என்றாள். உள்ளே போய் மூன்று நோட்டுகளையும் எடுத்துவந்து அவளே நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் புரட்டினார். தமிழ் அவருக்குத் தெரியாது. ஆனால் தாளைத் திருப்பிப் பார்த்ததும் ரயில்வே முத்திரை தெரிந்தது. அரசாங்கத்தை எதிர்த்து எழுதிய பாட்டெல்லாம் அரசாங்கத் தாளின் முதுகில் இருந்தது. அவர் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"குப்பையில போட்ட தாளுங்க அது" என்றாள் அவள். "சரி, எடுத்துக்கிட்டுப் போங்க. ரசீது எழுதிக் குடுத்துட்டு."

மொழிபெயர்ப்பாளர் திகைத்தார். "ரசீதா? போலீசு கிட்டயாம்மா?"

"என் பொருள எடுத்துட்டுப் போறீங்கல்ல. எழுதிக் குடுங்க."

அவர் தயங்கித் தயங்கி அதை மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் தாடியை நீவிக்கொண்டு சற்று நேரம் அவளையே பார்த்தார். பிறகு தன் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். மூன்று நோட்டுகள், தமிழ். அவள் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"பாட்டுன்னு போடச் சொல்லுங்க. வெறும் நோட்டுன்னா நாளைக்கு வேற எதையாச்சும் குடுத்துருவீங்க."

அதையும் சேர்த்து எழுதினார். போகும்போது அந்தப் பெரிய மனிதர் அவளுக்கு லேசாகத் தலைகுனிந்துவிட்டுப் போனார்.

அவர்கள் போனபிறகு நான் நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவள் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள், பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். என்னைத் திட்டவில்லை. பிறகு வந்து எதிரில் நின்றாள்.

"பயப்படறது தப்பில்லீங்க. எனக்கும் பயந்தான். ஆனா எழுதப் படிக்கத் தெரியாதவன்னு சொன்னீங்க பாருங்க. அதத்தான் தாங்க முடியல."

அந்த வார்த்தை இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

மூன்று நாள் கழித்து என் மேலதிகாரி, வெள்ளைக்காரத் துரை, என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் வேபில் தாள் ஒன்று விரித்திருந்தது. தலைமைக் குமாஸ்தா பக்கத்தில் நின்றார். துரை கோபக்காரர் அல்ல. நிதானமாகத்தான் பேசினார். தாள் விஷயத்தை ஒரு கண்டிப்போடு விட்டுவிடலாம் என்றார். ஆனால் இலாகா வீட்டில் குடியிருக்கும் வரை என் மனைவி எழுதவும் கூடாது, கூட்டத்தில் பேசவும் கூடாது. அதற்கு நான் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது. பேனாவை அவரே நீட்டினார்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உடைந்த வார்த்தைகளில், ஆனால் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்:

"ஐயா, இலாகா வேலைக்கு எடுத்தது என்னை. அவளை இல்லை. அவளுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட முடியாது. அவளுக்கு எழுதத் தெரியும். வேண்டுமானால் அவளைக் கேளுங்கள்."

துரை பேனாவை மூடி வைத்தார். அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஒரு வாரத்தில் போர்ட் சுவிட்டன்ஹாம் துறைமுகச் சரக்குக் கொட்டகைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சதுப்பு நிலம், உப்புக் காற்று, கொசு, காய்ச்சல். ரயில்வேக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லியே ஒருவரையொருவர் மிரட்டுவார்கள்.

நான் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது தலைமைக் குமாஸ்தா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய காகிதப் பொதி. "தங்கச்சியிட்ட குடும்" என்றார். "கடையிலை வாங்கினது. எந்த இலாகா முத்திரையும் இல்லை." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வாடிய முகத்தோடு மாற்றல் விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "தண்டனைன்னு நினைச்சு என்னக் கொண்டுபோய் எங்கம்மா வீட்டுக்குப் பக்கத்துல விடறாங்க" என்றாள். வாஸ்தவம்தான். அங்கிருந்து கிள்ளான் அரை மணி நேரம். அவள் தோட்டங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரம்.

ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் இழந்தது எவ்வளவு என்று தெரிந்தது. ரசீதை எடுத்துக்கொண்டு அவள் இரண்டு தரம் கோலாலம்பூருக்குப் போய்க் கேட்டாள். நோட்டுகள் மேலிடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். பத்திரிகையில் வந்தது ஐந்தோ ஆறோ. மற்றதெல்லாம் அந்த மூன்று நோட்டுகளில்தான்.

"உனக்கு மனப்பாடமா இருக்குமே" என்றேன்.

"இல்லீங்க. ஒண்ண எழுதி முடிச்சா அது மனசவிட்டுப் போகணும். போனாத்தான் அடுத்தது வரும்."

தலைமைக் குமாஸ்தா கொடுத்த வெள்ளைத் தாள் பிரிக்காமலே கிடந்தது. அவள் எழுதாமல் இருந்த காலம் என் நினைவில் அது ஒன்றுதான். நல்ல சோறு போட்டாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் வீட்டில் யாரோ இல்லாத மாதிரி இருந்தது.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு தோட்டத்துப் பெண், மடியில் குழந்தையைப் போட்டு ஆட்டியபடி மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். என் மனைவி என் கையைப் பிடித்தாள். நகம் பதிகிற மாதிரி.

"அக்கா, இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"எங்க தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும்லா. பாட்டுக்காரம்மா சொல்லிக் குடுத்தது. அவங்க பாட்ட மாத்தா புடிச்சிக்கிட்டுப் போயிட்டான்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நாங்க தெனமும் பாடறோம். மறந்துறக் கூடாதுல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாள்கட்டைப் பிரித்தோம். இருவருமாகப் புறப்பட்டோம். அவள் கேட்பாள், பெண்கள் பாடுவார்கள், நான் எழுதுவேன். சரக்குக் குமாஸ்தாவின் கையெழுத்தில் அழகு இருக்காது. ஆனால் எந்த ஊரில் யார் எடுத்துப் பார்த்தாலும் புரியும். பாடுகிறவர்கள் வேகமாகப் போனால், "கொஞ்சம் நில்லுங்கம்மா" என்பேன். சிரித்துக்கொண்டு முதலிலிருந்து பாடுவார்கள். அந்தத் தோட்டங்களில் எனக்குப் பெயரே கிடையாது. "பாட்டுக்காரம்மா வீட்டுக்காரரு வந்திருக்காரு, முக்காலி போடு" என்பார்கள். அந்தப் பட்டத்துக்கு ஈடாக இலாகா எனக்கு எதையும் கொடுத்ததில்லை.

ஒரு தோட்டத்தில் எங்களை உள்ளே விடவில்லை. வாசலில் தடியோடு நின்ற காவல்காரர், "துரை உத்தரவு. தோட்டத்து எல்லைக்குள்ள கால் வைக்கக்கூடாது" என்றார். திரும்பலாம் என்று நான் சைக்கிளைத் திருப்பினேன். அதற்குள் லயத்திலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"அவங்க உள்ள வரல. நாங்க வெளிய போறோம்லா" என்று முன்னால் வந்த அம்மாள் சொன்னார். "சடக்கு கவர்மெண்டோடது. அங்க உக்காரக் கூடாதுன்னு உங்க துரையா சொல்வாரு?"

சடக்கு என்பது பொது ரோடு. அதன் ஓரத்தில் சின்னப் பாலம் ஒன்று இருந்தது. அதன் கைப்பிடிக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்து, வெயில் சாயும் வரை பாடினார்கள். காவல்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாட்டில் அவர்கள் ஓரடி விட்டுவிட்டபோது, அதை எடுத்துக்கொடுத்தவர் அவர்தான்.

அங்கேதான் அது நடந்தது. ஒரு பாட்டின் கடைசிக் கண்ணியை நான் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் என் பேனாவைத் தடுத்தாள்.

"இது நான் எழுதலியே."

"ஆமா. நாங்க சேத்துக்கிட்டோம்" என்றாள் ஒரு பெண். மெலிந்த பெண், முன்பல் ஒன்று இல்லை. "நீங்க புள்ளைங்களப் பத்திச் சொல்லாம உட்டுட்டீங்க."

"திரும்பப் பாடுங்க."

ஆயாக் கொட்டகையில் அழுகுதடி எம்புள்ள
அடுத்தமரம் என்னைக் கூப்பிடுது – ஒரு
நாயாட்டம் நானலைஞ்சு பாலெடுத்த கையாலே
நாளைக்குக் கொடிபிடிக்கக் கத்துக்கிறேன்.

வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் ஆயாக் கொட்டகை. அங்கே அழும் சத்தம் மரங்களுக்கு நடுவில் வேலை செய்யும் தாய்க்குக் கேட்கும். ஆனால் நிரை முடியாமல் போக முடியாது. என் மனைவி மூன்றாம் முறையும் பாடச் சொல்லிக் கேட்டாள். பிறகு அந்தப் பெண்ணின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"எழுதுங்க. நான் எழுதினதவிட இது நல்லா இருக்கு."

அந்தப் பெண் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் முதுகில் தட்டினார்கள். கவிஞர் என்றால் பிறர் பாட்டைப் பார்த்து முகம் சுருங்குவார்கள் என்று வாசகசாலைப் பக்கம் நான் கேள்விப்பட்டதுண்டு. என் வீட்டுக் கவிஞர் அப்படி இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் மறுபடி எழுத உட்கார்ந்தாள்.

ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சுற்றினோம். சில பாட்டுகள் முழுசாகக் கிடைத்தன. சில பாதிதான். சில ஒரு தோட்டத்தில் ஒரு மாதிரியும் அடுத்த தோட்டத்தில் வேறு மாதிரியும் இருந்தன. அவள் இரண்டையும் வைத்துக்கொண்டாள். கோலாலம்பூரில் ஒரு சின்ன அச்சகத்துக்காரர் துணிந்து அச்சுக்கு எடுத்தார். அட்டையில் என்ன பெயர் போடுவது என்று கேட்டபோது, அதுவரை 'கிள்ளான் தோட்டத்துப் பெண்' என்று எழுதியவள் தன் சொந்தப் பெயரைச் சொன்னாள். அதற்குக் கீழே, 'தோட்டத்துப் பெண்கள் காத்துத் தந்தவை' என்று ஒரு வரி போடச் சொன்னாள். புனைபெயரை ஏன் விட்டாய் என்று நான் கேட்டேன்.

"போலீசுக்கே பேரு தெரியும். இனி யாருக்கு மறைக்கறது?"

புத்தகத்தை அதே பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் வெளியிட்டார்கள். தலைமைக் குமாஸ்தா தலைமை. கிள்ளான் வண்டியில் இருபது பெண்கள் வந்து இறங்கினார்கள். பலருக்கு அதுதான் முதல் ரயில் பயணம். சுண்ணாம்பு வெளுப்பில் சேலை, தலை நிறையப் பூ. மாடியில் பின்வரிசையில் போய் உட்காரப் பார்த்தவர்களைத் தலைமைக் குமாஸ்தா தானே எழுந்துபோய் அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்கள் எழுந்து இடம் விட வேண்டியதாயிற்று. சிலருக்கு அது பிடிக்கவில்லை. எழுந்தார்கள்.

என் மனைவியைப் பாடச் சொன்னார்கள். அவள் புத்தகத்தைத் திறந்து முதல் வரியைத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் முன்வரிசை சேர்ந்துகொண்டது. அவர்கள் கையில் புத்தகம் இல்லை, பெரும்பாலோருக்குப் படிக்கவும் தெரியாது. ஒரு சொல் பிசகவில்லை. அவள் புத்தகத்தை மூடிவிட்டு அவர்களுடைய குரலுக்குப் பின்னால் தன் குரலைக் கொண்டுபோனாள். பாலத்தில் பாடிய அந்த மெலிந்த பெண் தன் கண்ணி வந்ததும் தனியாக எழுந்து நின்று பாடினாள். மாடிப்படியில், கீழே ரோட்டில் எல்லாம் ஆட்கள் நின்றார்கள்.

பின்வரிசையில் ஒரு ஓரமாக, போலீஸ் என்று தெரியாதபடி சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு போலீஸ்காரர் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். என் மனைவி ஒரு பிரதியை எடுத்துப் போய் அவரிடம் கொடுத்தாள். "இதுல எல்லாம் சரியா இருக்கு. நீங்க எழுதினா தப்பு வரும்" என்றாள்.

அந்தப் புத்தகத்தையும் பிறகு பிடித்தார்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதற்குப் பிறகு அவள் இன்னும் நிறைய எழுதினாள், இன்னும் நிறையக் கூட்டங்களில் நின்றாள். அவளுக்கு வந்த கஷ்டங்கள் பெரியவை. அவற்றை வேறு யாராவது முறையாக எழுதுவார்கள். நான் எனக்கு நேரில் தெரிந்ததை மட்டும் எழுதினேன்.

புத்தகம் வெளியான அன்று கூட்டம் முடிந்து எல்லோருமாகக் கடைசி மாலை வண்டியில் கிள்ளான் திரும்பினோம். மூன்றாம் வகுப்புப் பெட்டி முழுக்க எங்கள் ஆட்கள். பெண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். அவள் களைத்துப்போய் ஜன்னல் ஓரமாகத் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். பிள்ளை அவள் மடியில் தூங்கியது. டிக்கெட் பரிசோதகர் எனக்குத் தெரிந்தவர். ஏறியதும் சத்தத்தைப் பார்த்து நின்றார்.

"என்ன அண்ணே, கல்யாண கோஷ்டியா?"

"இல்ல தம்பி. எங்க வீட்டுல எழுதின பாட்டு" என்றேன். "நின்னு கேட்டுட்டுப் போங்க."

அவர் டிக்கெட் துளைக்கும் கருவியைப் பையில் போட்டுவிட்டு, கதவோரமாகச் சாய்ந்து நின்று, வழியில் இருந்த தோட்டங்களைத் தாண்டும் வரை கேட்டார்.